பத்திரிகைப் பக்கத்துக்குள் என்ன இருக்கிறது? எழுத்துரு, லேஅவுட், வரைபடம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

சங்க மலரோ, கல்லூரி ஆண்டிதழோ, காலாண்டுச் சிற்றிதழோ, எதைத் தயாரிக்க உட்கார்ந்தாலும் சில பேச்சுகள் காதில் விழும். "யூனிகோட் ஃபான்ட் அச்சுக்குச் சரிப்படாது." "வேர்டிலேயே முடித்துவிடலாமே, பக்கம் அமைக்க இன்டிசைன் என்று தனி மென்பொருள் எதற்கு?" "மேப்தானே, கூகுளில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள்." "பிடிஎஃப் கையில் இருக்கிறதே, மேட்டரை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்."

நான்கும் வேறு வேறு விஷயங்கள் போலத் தெரியும். ஆனால் நான்கையும் சொல்ல வைப்பது ஒரே நினைப்புதான்: திரையில் தெரிவதே கோப்புக்குள்ளும் இருக்கிறது என்பது. உண்மையில் கோப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் எண்கள். எந்த எண்ணுக்கு எதை வரைய வேண்டும், எங்கே வரைய வேண்டும் என்ற குறிப்புகள் வேறொரு இடத்தில் இருக்கும். எண் ஒரு பக்கமும் குறிப்பு இன்னொரு பக்கமும் போய்விட்டால் பக்கம் குலைந்துவிடும். எழுத்து, பக்க அமைப்பு (லேஅவுட்), வரைபடம் மூன்றிலும் இது எப்படி நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுத்துரு என்பது ஒரு கோப்பு

எழுத்துரு, அதாவது ஃபான்ட், கணினியில் இருக்கும் ஒரு கோப்பு. ஒரு வடிவமைப்பாளர் 'அ' எப்படி வளைய வேண்டும், 'ழ'வின் வால் எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்று முடிவு செய்து வரைந்த வடிவங்கள் அதற்குள் இருக்கின்றன. அப்படி வரைந்த ஒவ்வொரு வடிவத்துக்கும் கிளிஃப் என்று பெயர்.

கிளிஃப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. சில புள்ளிகளும், அந்தப் புள்ளிகளை இணைக்கும் வளைகோடுகளுக்கான கணக்கும் மட்டுமே பதிவாகின்றன. இப்படிக் கோடுகளின் கணக்காக இருக்கும் உருவத்தை வெக்டார் என்கிறோம். சின்னச் சின்ன வண்ணக் கட்டங்களால் ஆன உருவம் பிக்சல் படம். கைபேசியில் எடுக்கும் புகைப்படம் அந்த வகை. அடிக்குறிப்பில் 8 பாயின்ட் அளவில் வந்த அதே 'அ'வைச் சுவர் அளவு பேனரில் போட்டாலும் விளிம்பு பிசிறாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் அது கணக்கிலிருந்து புதிதாக வரையப்படுவதுதான். புகைப்படத்துக்கு அந்த வசதி இல்லை. பெரிதாக்கினால் கட்டங்கள்தான் பெரிதாகும்.

பாயின்ட் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் பலரும் குழம்பும் இடம் இது. ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. "10 பாயின்டில் போடு" என்றால் எழுத்து 10 பாயின்ட் உயரம் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஒவ்வொரு கிளிஃபும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டிக்குள் வரையப்படுகிறது. 10 பாயின்ட் என்பது அந்தப் பெட்டியின் உயரம். பெட்டிக்குள் எழுத்து எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பது வரைந்தவரின் விருப்பம். அதனால்தான் ஒரு தமிழ் எழுத்துருவில் 10 பாயின்ட் தாராளமாகத் தெரிகிறது, இன்னொன்றில் 12 கூடப் பொடியாகத் தெரிகிறது. எண்ணை நம்பாமல் ஒரு பத்தியை அச்செடுத்துக் கையில் பிடித்துப் பார்ப்பதுதான் வழி. திரையில் பார்த்து முடிவு செய்தவர்கள்தான் கடைசியில் வாசகரிடம் பூதக்கண்ணாடி கேட்டுக் கடிதம் வாங்குகிறார்கள்.

தமிழில் இன்று எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா ஆகியவை பலரும் அறிந்தவை. ஆப்பிள் கருவிகளில் வரும் இணைமதி, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. கூகுளின் எழுத்துருத் தொகுப்பில் நோட்டோ, முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம், உரிமம் தடுப்பதில்லை. மற்ற எழுத்துருக்களுக்கு உரிமத்தைப் படித்துவிடுவது நல்லது. நண்பர் பென் டிரைவில் கொடுத்தார் என்பது உரிமம் ஆகாது.

தகராறு தொடங்கும் இடம்: எண்கள்

நாம் 'த' என்று தட்டும்போது கணினி 'த'வைச் சேமிப்பதில்லை. ஓர் எண்ணைச் சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒப்பந்தத்துக்குக் குறியாக்கம் என்று பெயர்.

பள்ளியின் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயர் சொல்லாமல் "14" என்று வரிசை எண்ணை மட்டும் கூப்பிடுகிறார். 'ஏ' பிரிவில் 14 என்றால் ஒரு பையன் எழுந்து நிற்பான். அதே எண்ணை 'பி' பிரிவில் போய்க் கூப்பிட்டால் வேறொரு பையன் எழுந்து நிற்பான். எண்ணில் பிழை இல்லை, வகுப்புதான் மாறிவிட்டது.

பழைய தமிழ் எழுத்துருக்கள் செய்தது இதுதான். தொடக்க காலக் கணினிகளில் ஓர் எழுத்துருவுக்குள் அதிகபட்சம் 256 இடங்கள். அவற்றில் பாதிக்கு ஏற்கெனவே ஆங்கில எழுத்துகளும் குறிகளும் உரிமை கொண்டாடின. 'எண்ணை மாற்ற முடியாது, வகுப்பில் ஆளை மாற்றி உட்கார வைப்போம்' என்று நம்மவர்கள் ஒரு வேலை செய்தார்கள். 106 என்பது ஆங்கில 'ஜே' எழுத்தின் எண். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவில் 106-ம் இடத்தில் 'த' உட்கார்ந்திருக்கும். 107-ல் 'ம', 112-ல் 'ி', 111-ல் 'ழ', 59-ல் புள்ளி. ஆக, பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கோப்புக்குள் போவது 106, 107, 112, 111, 59. பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாக எழுந்து நிற்கும். இல்லாத கணினியில் 'ஜே கே பி ஓ' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். அச்சகத்திலிருந்து வரும் மேட்டர் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவதன் பின்னணி இவ்வளவுதான். கோப்பு கெட்டுப்போகவில்லை. வேறு வகுப்பில் போய்க் கூப்பிட்டிருக்கிறோம்.

பாமினி ஒன்றுதான் என்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் ஒவ்வொரு வரிசையில் ஆளை உட்கார வைத்தது. சில பத்திரிகைகள் தங்களுக்கென்றே தனி வரிசை வைத்திருந்தன. இந்தக் குழப்பத்தை அடக்க இணையத் தமிழர்கள் சேர்ந்து தகுதரம் என்ற திஸ்கியை உருவாக்கினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டேப், டாம் என்ற இரண்டு தரங்கள் வந்தன. மூன்றுமே 256 இடங்களுக்குள் அடங்க வேண்டியவை என்பதால், வகுப்பு மாறினால் ஆள் மாறும் சிக்கல் அப்படியே இருந்தது.

யூனிகோட் இதை வேறு விதமாகத் தீர்த்தது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் யாருடனும் பகிராத தனி எண். 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021. எந்த எழுத்துருவில் கூப்பிட்டாலும் 2980 என்றால் 'த'தான். அந்த எழுத்துருவில் 'த' இல்லையென்றால் வெற்றுக் கட்டம் தெரியுமே தவிர, வேறு ஓர் எழுத்து ஏமாற்றி எழுந்து நிற்காது.

தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. ஆனாலும் அச்சுத் துறையில் பழைய குறியாக்கக் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். எழுத்துரு என்பது வடிவங்கள் கொண்ட கோப்பு. குறியாக்கம் என்பது எழுத்துக்கும் எண்ணுக்குமான ஒப்பந்தம். யூனிகோட் ஓர் ஒப்பந்தம். அது எழுத்துரு அல்ல. எனவே "யூனிகோட் ஃபான்ட் அழகாக இருக்காது" என்பதற்குப் பொருளே இல்லை. அழகு வரைந்தவர் கையில் இருக்கிறது, எண்ணில் இல்லை.

'கொ' எப்படி 'கொ' ஆகிறது

அப்படியானால் "அச்சுக்குச் சரிப்படாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நியாயமான காரணம் ஒரு காலத்தில் இருந்தது.

பாமினியில் 'கொ' தட்டுபவர், கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் துணைக்கால் என்று மூன்று விசைகளைத் தட்டுவார். கணினிக்கு யோசிக்க எதுவுமில்லை. வந்த வரிசையில் மூன்று வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும்.

யூனிகோடில் 'கொ' என்பது இரண்டே எண்கள்: 'க'வுக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018. உச்சரிக்கும் வரிசை அது. ஆனால் வரையும்போது ஒகரக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு 'க'வுக்கு முன்னால் தாவ வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். 'கு' என்றால் 'க'வும் உகரக் குறியும் சேர்ந்து முற்றிலும் புதிய ஒரு வடிவமாக மாற வேண்டும். எண்களை இப்படிச் சரியான வடிவங்களாகவும் சரியான வரிசையாகவும் மாற்றும் வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். பாதி விதிகள் எழுத்துருக் கோப்புக்குள் இருக்கும். மீதியை மென்பொருள் செய்ய வேண்டும்.

கணினியில் பக்கம் அமைத்துத் தரும் நம் டிடிபி மையங்களில் ஆட்சி செய்த பேஜ்மேக்கர் என்ற லேஅவுட் மென்பொருளுக்கு அந்த வேலை தெரியாது. அதன் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001-ல். அதில் யூனிகோட் கிடையாது. எனவே பேஜ்மேக்கரில் பழகிய ஒருவர் யூனிகோட் மேட்டரை ஒட்டிப் பார்த்து, கேள்விக்குறிகளாக வந்ததைக் கண்டு "இது அச்சுக்கு ஆகாது" என்று சொன்னால், அவர் பார்த்தது உண்மைதான். பிழை யூனிகோடில் இல்லை, திறந்த மென்பொருளில் இருந்தது என்பதைத்தான் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இன்டிசைனில் 2012-ல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்து இந்திய மொழிகளுக்கு ஷேப்பிங் செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் அது தானாக ஓடாமல் இருக்கலாம். பத்தி அமைப்புகளில் கம்போசர் என்ற தேர்வு உண்டு. அங்கே வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, மொத்த இதழையும் பழைய எழுத்துருவுக்கு மாற்றிய கதைகள் உண்டு. ஒரே ஒரு சொடுக்கில் தீரும் விஷயம். இலவசமாக வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது, அதன் 1.6 பதிப்பு தமிழை ஒழுங்காகக் காட்டும். பழைய ஸ்கிரைபஸை ஒரு முறை முயன்று கைவிட்டவர்கள் மறுபடி பார்க்கலாம்.

வேர்டும் லேஅவுட் மென்பொருளும்

பேஜ்மேக்கர் 1985-ல் ஆல்டஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும், பக்கத்தை விவரிக்கும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் அதே காலத்தில் கைகோத்தன. மேசைக் கணினியில் பத்திரிகை தயாரிப்பது அதிலிருந்துதான் பரவலானது. 1987-ல் குவார்க் எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு லேஅவுட் மென்பொருள் வந்தது. 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது, 1999-ல் இன்டிசைனை வெளியிட்டது. வரலாறு இது போதும்.

வேர்டில் எழுத்து ஓர் ஓட்டம். மேலே ஒரு வரி சேர்த்தால் கீழே எல்லாம் நகரும், படமும் சேர்ந்து நகரும். கடிதத்துக்கும் அறிக்கைக்கும் அது வசதி. லேஅவுட் மென்பொருளில் முதலில் பக்கம். அதன் மேல் சட்டகங்கள். சட்டகம் என்பது எழுத்தோ படமோ நிரப்பப்படும் ஒரு செவ்வகம். அது நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும். முதல் பக்கச் சட்டகத்தில் கொள்ளாத எழுத்து 34-ம் பக்கச் சட்டகத்துக்குப் போக வேண்டுமென்றால் இரண்டையும் இணைத்துவிடலாம். பக்க எண், இதழ்ப் பெயர் போன்று எல்லாப் பக்கத்திலும் வருபவற்றை மாதிரிப் பக்கம் என்ற ஒன்றில் ஒரே ஒரு முறை வைத்தால் போதும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வசதி, என் கணக்கில், ஸ்டைல். 'துணைத்தலைப்பு' என்று ஒரு பெயர் வைத்து அதற்கு எழுத்துரு, அளவு, நிறம், இடைவெளி எல்லாம் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு துணைத்தலைப்பும் அந்தப் பெயரை மட்டும் சுமந்து நிற்கும். 80 பக்கம் முடிந்த பிறகு ஆசிரியர் "துணைத்தலைப்பு கொஞ்சம் சின்னதாக இருக்கட்டுமே" என்றால், ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். ஸ்டைல் இல்லாமல் கையால் அளவு கொடுத்தவர் அன்று இரவு தூங்க மாட்டார்.

படங்களில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். இன்டிசைனில் ஒரு புகைப்படத்தை வைத்தால், அது பொதுவாகக் கோப்புக்குள் வருவதில்லை. அந்தப் படம் கணினியில் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் பதிவாகிறது. கூடவே திரையில் காட்ட ஒரு மங்கலான நகல். இந்த முகவரிக்கு லிங்க் என்று பெயர். லேஅவுட் கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால், அச்சகத்தில் திறக்கும்போது படமும் இருக்காது, எழுத்துருவும் இருக்காது. அதற்காகவே பேக்கேஜ் என்ற கட்டளை உண்டு. லேஅவுட், படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் நகலெடுத்து வைக்கும். சில எழுத்துருக்களை அது நகலெடுக்காமல் விடுவதுண்டு. கோப்புறையைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

படத்தின் அளவும் எண்தான். பத்திரிகை அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு. ஏ4 பக்கத்தின் அகலம் 8.27 அங்குலம். பக்கம் முழுக்கப் படம் வேண்டுமென்றால் குறுக்கே சுமார் 2480 பிக்சல் தேவை. 1080 பிக்சல் அகலமுள்ள கைபேசி ஸ்கிரீன்ஷாட் 3.6 அங்குலத்துக்குத்தான் தாங்கும். கைபேசியில் அது திரை முழுக்க நிறைந்து பளிச்சென்று தெரிந்தது என்பது இங்கே உதவாது. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய புகைப்படமும் வழியில் சுருங்கித்தான் வந்து சேரும்; ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது.

தமிழ் வரிகளுக்கு இடம் வேண்டும்

வெளிநாட்டு இதழின் பக்கத்தைப் பார்த்து அப்படியே வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் வரிக்கு மேலும் கீழும் ஆட்கள் உண்டு. மேலே புள்ளியும், 'கி', 'கீ' ஆகியவற்றின் மேல்விலங்கும் நிற்கும். 'கூ', 'ழு', 'ளூ' எல்லாம் கீழே இறங்கும். ஆங்கிலத்தில் 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட் வரி இடைவெளி வசதியாக இருக்கும். தமிழில் அதே கணக்கைப் போட்டால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டும். 14, 15 என்று கொடுத்துப் பாருங்கள், பக்கம் மூச்சு விடும். பக்கம் கூடுகிறதே என்று தோன்றும்போது இடைவெளியைக் குறைப்பதற்குப் பதில் ஒரு கட்டுரையைக் குறைப்பது மேல்.

இன்னொரு சிக்கல் நீளமான சொற்கள். 'கேட்டுக்கொண்டிருந்தார்களென்பது' மாதிரி ஒரு சொல் வந்தால் குறுகிய பத்தியில் (பக்கத்தைச் செங்குத்தாகப் பிரித்த பகுதியில்) அதுவே ஒரு வரி. இரண்டு பக்கமும் ஓரம் நேராக நிற்க வேண்டும் என்று மென்பொருளிடம் சொன்னால், வரியில் இருக்கும் இரண்டு மூன்று சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்களை வெட்டிவிடும். தமிழ் அச்சில் சொல்லை எழுத்து எல்லையில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் பழக்கம் இருக்கிறது. ஆங்கிலம்போல இடைக்கோடு கட்டாயம் இல்லை. ஒன்றே ஒன்று: புள்ளி வைத்த மெய்யெழுத்தில் புதிய வரி தொடங்கக் கூடாது. 'கேட்' என்று முறித்து 'டு' என்று தொடங்கலாம். 'கே' என்று முறித்து 'ட்டு' என்று தொடங்கினால் உறுத்தும். உடைக்கவே பிடிக்காதென்றால் மூன்று பத்திக்குப் பதில் இரண்டு பத்தியாகப் பக்கத்தைப் பிரியுங்கள், அல்லது வலது ஓரத்தை அப்படியே ஏற்ற இறக்கமாக விட்டுவிடுங்கள். பள்ளம் விழுந்த பக்கத்தைவிட அது நூறு மடங்கு நன்றாக இருக்கும்.

சுருக்கமாக, லேஅவுட் கோப்பு என்பது எது எங்கே நிற்கும், எந்தப் பெயரில் நிற்கும், எங்கிருந்து வரும் என்ற குறிப்புகளின் தொகுப்பு. படங்களும் எழுத்துருக்களும் அதற்கு வெளியே இருக்கின்றன.

வரைபடத்துக்குள்ளும் எண்கள்தான்

சென்னை என்பது வரைபட மென்பொருளுக்கு 13.08, 80.27 என்ற இரண்டு எண்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை. காவிரி என்பது அத்தகைய எண் ஜோடிகளின் நீண்ட வரிசை. மாவட்டம் என்பது தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் வரிசை. இவற்றுக்கு என்ன நிறம், எவ்வளவு தடிமன், பெயரை எந்த எழுத்துருவில் எழுதுவது என்பதெல்லாம் தனியாகச் சொல்லப்படும் குறிப்புகள். ஆறுகள் ஒரு தாள், சாலைகள் ஒரு தாள், ஊர்ப் பெயர்கள் ஒரு தாள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இந்தத் தாளுக்கு அடுக்கு என்று பெயர். கட்டுரை காவிரிப் பாசனத்தைப் பற்றியது என்றால் சாலை அடுக்கை அணைத்துவிட்டு ஆற்றை மட்டும் தடிமனாக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்த கணமே இவையெல்லாம் போய்விடும். மிஞ்சுவது பிக்சல் படம். தேநீர்க்கடைப் பெயரும் ஏடிஎம் குறியும் கட்டுரைக்குத் தேவையில்லாமல் நடுவே நிற்கும், எடுக்க முடியாது. அச்சில் மங்கும். கூகுள் வரைபடத்தை அச்சில் பயன்படுத்த அதற்கென்று நிபந்தனைகளும் உண்டு.

இதழுக்கு வரைபடம் செய்ய கியூஜிஸ் என்ற இலவச மென்பொருள் போதும். தரவுக்குத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது; அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றிக் குறிப்பு அச்சிட வேண்டும் என்பது நிபந்தனை. உலக, கண்ட அளவிலான எளிய வரைபடங்களுக்கு நேச்சுரல் எர்த் தரவு யாருக்கும் பொதுவானது, நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் இந்தியாவில் அச்சிடுபவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நேச்சுரல் எர்த்தின் வழக்கமான கோப்பில் இந்தியாவின் வடக்கு எல்லை, இந்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தோடு ஒத்துப்போகாது. 1990-ல் திருத்தப்பட்ட 1961-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்டதோடு பொருந்தாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் கிடைத்த அழகான உலகப் படத்தை அட்டையில் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டை சர்வே ஆஃப் இந்தியா வெளியீட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் கணக்கு முறைக்கு புரொஜெக்‌ஷன் என்று பெயர். எந்த முறையிலும் ஏதோ ஒன்று கோணலாகும். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில், துருவத்தை நெருங்க நெருங்க நிலம் வீங்கும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. நாடுகளின் பரப்பை ஒப்பிடும் கட்டுரைக்கு அந்தப் படத்தைப் போட்டால், எழுத்து ஒன்று சொல்லும், படம் வேறு சொல்லும். தமிழ்நாட்டளவு வரைபடத்துக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை.

அளவுகோலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வரைபடத்தின் மூலையில் '1:50,000' என்று இருந்தால், தாளில் ஒரு செ.மீ. என்பது தரையில் அரை கி.மீ. என்று பொருள். அந்தப் படத்தை லேஅவுட்டில் பாதியாகச் சுருக்கியதும் அந்த எண் பொய்யாகிவிடும், ஆனால் எழுத்து அப்படியே நிற்கும். எண்ணுக்குப் பதில் '10 கி.மீ.' என்று குறித்த ஒரு கோட்டை வரைபடத்துக்குள்ளேயே வைத்தால் படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும்.

வரைபடத்தில் எழுத்து

எழுத்துருவும் வரைபடமும் சந்திக்கும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. நேஷனல் ஜியோகிராபிக் இதழின் வரைபடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எழுத்துகளின் சாயல் நினைவில் இருக்கும். 1930-களில் அதன் வரைபடப் பிரிவில் இருந்த சார்லஸ் ரிடிஃபோர்ட் அவற்றை வரைந்தார். சாதாரண அச்செழுத்துகளைப் புகைப்பட முறையில் சுருக்கினால் மெல்லிய கோடு மறைந்துவிடும், சுழிகள் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு சுருக்கினாலும் படிக்க முடிகிற எழுத்து அவர்களுக்குத் தேவைப்பட்டது. மலைக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று வெவ்வேறு வடிவங்களை வைத்து, பெயரைப் படிக்கும் முன்பே அது என்ன வகை இடம் என்று கண்ணுக்குத் தெரியும்படி செய்தார்கள்.

பெயரை எங்கே எழுதுவது என்பதற்கு சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் 1962-ல் விரிவாக எழுதினார். அவர் சொன்னவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாலே நம் வரைபடங்கள் தெளியும். கடற்கரை ஊரின் பெயரைக் கடல் பக்கம் எழுத வேண்டும். 'நாகப்பட்டினம்' வங்கக் கடலின் மேல் நின்றால், நிலத்தில் இருக்கும் மற்ற ஊர்களுக்கு இடம் கிடைக்கும், அது கரையோர ஊர் என்பதும் விளங்கும். ஆற்றங்கரை ஊர் எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தப் பக்கமே பெயரும் இருக்க வேண்டும்; திருச்சியின் பெயர் காவிரிக்குத் தெற்கே.

மேற்கத்திய வரைபடங்களில் நீர்நிலைப் பெயர்கள் நீல நிறத்தில், சாய்ந்த எழுத்தில் இருக்கும். தமிழில் சாய்வெழுத்து என்று தனியாக வரைந்த எழுத்துருக்கள் மிகக் குறைவு; மென்பொருள் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துக் காட்டும், அது கோணலாகத்தான் தெரியும். நீலம் மட்டும் போதும். மலைத்தொடர்ப் பெயரை அது பரவும் நீளத்துக்கு எழுத்து எழுத்தாகத் தள்ளி எழுதும் வழக்கத்திலும் கவனம் வேண்டும். 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்பதை அப்படி விரித்தால், சில மென்பொருள்கள் 'தொ'வின் கொம்பையும் காலையும்கூடத் தனித்தனியாகப் பிரித்து நிறுத்திவிடும். சொற்களுக்கு நடுவே மட்டும் இடைவெளி விடுங்கள்.

வரைபடத்தை லேஅவுட்டுக்குக் கொண்டுவரும்போது தமிழ்ப் பெயர்கள் உடையக்கூடும், ஏனென்றால் ஷேப்பிங் மறுபடியும் நடக்கிறது. அதைத் தவிர்க்க எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிவிடுவார்கள். அப்போது 2980 என்ற எண் மறைந்து 'த'வின் வளைகோடு மட்டும் மிஞ்சும். உடையாது, ஆனால் திருத்தவும் முடியாது. மாற்றாத மூலக் கோப்பு ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தால் 'திருவண்ணாமலை'யில் விட்ட புள்ளியை நாளைக்கும் சேர்க்கலாம்.

பிடிஎஃப் அனுப்பும் முன்

லேஅவுட், படங்கள், எழுத்துருக்கள் என்று சிதறிக் கிடப்பதை ஒரே கோப்பாகக் கட்டித் தருவது பிடிஎஃப். எழுத்துருவில் நீங்கள் பயன்படுத்திய கிளிஃப்களை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால்தான் பாமினி இல்லாத கணினியிலும் பாமினி பிடிஎஃப் ஒழுங்காகத் தெரிகிறது.

தெரிவது வேறு, எடுப்பது வேறு. பாமினி பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் 106, 107 என்ற பழைய எண்கள்தான் வரும். யூனிகோடில் செய்த பிடிஎஃபிலும் 'கொ' குலைந்து வரலாம். பக்கத்தில் கிளிஃப்கள் நிற்கும் வரிசை, கொம்பு முதலில் என்ற வரிசைதான். ஆக, மேட்டரை பிடிஎஃபிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி மூலத்தை அழித்துவிடாதீர்கள். மெய்ப்புத் திருத்தம் முடிந்த இறுதி வடிவத்தை யூனிகோடில் வெறும் எழுத்துக் கோப்பாகத் தனியே சேமித்தால், இணையத்தில் ஏற்றவும், தொகுப்பு நூல் போடவும், தேடவும் அதுதான் உதவும்.

அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் அக்ரோபேட் ரீடரில் கோப்பைத் திறந்து, பண்புகள் என்ற சாளரத்தில் எழுத்துருக்கள் பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றுக்கு இல்லையென்றால் அந்த எழுத்துரு உள்ளே வரவில்லை. திரும்பிப் போய் உரிமத்தைப் பாருங்கள், அல்லது வேறு எழுத்துருவை வைத்து மறுபடி பிடிஎஃப் எடுங்கள். அப்புறம் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' வரும் பக்கங்களை மட்டும் ஒரு தடவை தாளில் அச்செடுத்து யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.